'தூங்கி' என்றால் தூக்கம் இல்லை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதத்தில் ஒரு நாள். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. தென்காசியில் வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஊர் உலகமெல்லாம் அருவியில் குளிக்க வரும் நேரத்தில், நான் என் தம்பியோடு குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இதில் ஒரு சின்னப் பிள்ளையின் வாழ்க்கை இருப்பதால் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு நானும் ஊர் ஊராகப் போயிருக்கிறேன். பீகாரில் தானாப்பூர் குவார்ட்டர்ஸில்தான் அதிக காலம் இருந்தோம். அங்கே காய்கறிக்காரர்களிடம் பேரம் பேசியே இந்தி கற்றுக்கொண்டேன். இலக்கணம் கேட்காதீர்கள், சண்டை போடும் அளவுக்கு வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடித்துவைப்பது நானாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது வாக்கியத்தை ஆரம்பிப்பதையே நிறுத்திவிட்டார்.

என் தம்பி சுரண்டையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். கல்யாணமாகி எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். அவன் மனைவி ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு திருவேங்கடத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என்ன காரணம் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. சேர்ந்து வாழ வேண்டும் என்று தம்பி மனு போட்டான். கவுன்சிலிங்குக்கு அவனோடு நானும் போனேன். அங்கேயும் அவள், "ஒண்ணுமில்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. காரணமே இல்லாமல் ஒருத்தி வீட்டை விட்டுப் போவாளா என்று எனக்கு ஒரே எரிச்சல்.

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். எங்கள் பெஞ்சின் மறுமுனையில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சேலை, உச்சி நெற்றியில் அழுத்தி வைத்த குங்குமம். பார்த்ததும் வடக்கத்திப் பெண் என்று தெரிந்தது. பக்கத்தில் நாலைந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அது நேராக என்னிடம் வந்து, "ஆச்சி, ஒங்க பையில முறுக்கு இருக்கா?" என்று கேட்டது.

நான் ஒன்றும் ஆச்சி என்று கூப்பிடும் அளவுக்குக் கிழவி இல்லை. ஆனால் சுத்தமான நம்மூர்த் தமிழில் கேட்டதில் கோபம் போய்விட்டது. முறுக்கைக் கொடுத்துவிட்டு, "ஏட்டி, ஒனக்கு எந்த ஊரு?" என்றேன்.

"குத்தாலம். எங்கம்ம லாட்ஜுல வேல பாக்கா. அம்மைக்குத் தமிழ் வராது. நாந்தான் கடையில எல்லாம் கேட்டு வாங்குவேன்" என்றது. பிறகு, ஏதோ பெரிய ரகசியம் மாதிரி என் காதருகே வந்து, "அம்ம எப்பம் பாத்தாலும் செவத்தப் பாத்து, நஹி தூங்கி, நஹி தூங்கின்னே சொல்லுதா. ஆனா தூங்கவே மாட்டேங்கா" என்றது.

முறுக்குப் பையை மூடிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. இந்தியில் ஒரு பெண் 'தூங்கி' என்று சொன்னால் 'கொடுப்பேன்' என்று அர்த்தம். தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'நஹி தூங்கி' என்றால் 'கொடுக்க மாட்டேன்'.

அந்தப் பெண் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "எதைக் கொடுக்க மாட்டாய்?" என்று இந்தியில் கேட்டேன். என் வாயிலிருந்து இந்தி வந்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. எத்தனை நாளாக அவளிடம் யாரும் பேசவில்லையோ! குழந்தையின் தலையில் கையை வைத்து, "இவளை" என்றாள்.

அதற்குப் பிறகு கொட்டித் தீர்த்துவிட்டாள். சொந்த ஊர் பீகாரில் ஆரா பக்கம். கணவனுக்குச் சுந்தரபாண்டியபுரத்தைத் தாண்டி ஒரு செங்கல் சூளையில் வேலை. குழந்தை பிறந்தது இங்கேதான். அவன் குடித்துவிட்டு அடிக்க ஆரம்பித்ததும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்கு வந்து ஒரு லாட்ஜில் பெருக்கித் துடைக்கவும் விரிப்புகளைத் துவைக்கவும் சேர்ந்துவிட்டாள். இப்போது அவன் வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகிறானாம். பிள்ளையை ஊரில் தன் அம்மாவிடம் விட வேண்டும், தன் பொறுப்பில் கொடுங்கள் என்று மனு போட்டிருக்கிறான். இன்றைக்கு நீதிபதி அவளிடமே கேட்கப்போகிறார்.

அவர்கள் வீட்டில் பேசுவது போஜ்புரி. கோர்ட்டில் அது யாருக்குத் தெரியும், இந்தியில் சொன்னால் ஒருவேளை நீதிபதிக்குப் புரியலாம் என்று அந்த ஒரு வாக்கியத்தைச் சுவரைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். "இன்றைக்குச் சத்தமாகச் சொல்லிவிடுவேன், தீதி" என்று என்னை அக்கா முறை வைத்துச் சொன்னாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்படிப் பேசிக்கொண்டிருந்தவள், பாதி வார்த்தையில் நின்றாள். முந்தானையைத் தலை வழியாகத் தாடை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். தொட்டுக் கூப்பிட்டும் திரும்பவில்லை. படியேறி வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து, எங்களைக் கடந்து வராந்தாவின் அந்தக் கடைசிக்குப் போனார். அவ்வளவுதான் நடந்தது. எனக்குச் சுருக்கென்றது. முறுக்கு கொடுத்தவளுக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று நானும் என் இடத்துக்கே நகர்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் டவாலி வந்து அவள் வழக்கைக் கூப்பிட்டார். பிள்ளையைப் பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். அடுத்தது எங்கள் வழக்கு என்பதால் நானும் தம்பியும் உள்ளே போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தோம். தம்பி மனைவியும் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள்.

நீதிபதி ஒரு பெண். அதிர்ந்து பேசாதவர். முன்னால் அந்தப் பெண்ணும், பக்கத்தில் இலவச சட்ட உதவியில் அவளுக்குக் கிடைத்த இளம் வக்கீலும் நின்றார்கள். அந்த வக்கீல் பெண்ணுக்கு இந்தி தெரியாது. இந்தப் பக்கம் கணவன், அவன் வக்கீல். நடுவில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர். அவர் கணவனின் அண்ணன். இந்தப் பகுதிக்கு வந்து பல வருஷமாகிவிட்டது, சூளையில் மேஸ்திரி. தமிழ் அவருக்கு நம்மைப் போலவே வரும். அதனால் அவள் சொல்வதைத் தமிழில் சொல்ல அவரையே நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேச்சும் தெரிந்த ஆள் வேறு யாரும் கிடைக்கவில்லை.

நீதிபதி, "பிள்ளையை அப்பா பொறுப்பில் கொடுக்க உங்களுக்குச் சம்மதமான்னு கேளுங்க" என்றார்.

மேஸ்திரி அவள் பக்கம் திரும்பவே இல்லை. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு போஜ்புரியில் கேட்டார். அவள் முந்தானையை இன்னும் இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள்.

"சரின்னு சொல்லுதா மேடம்" என்றார் மேஸ்திரி.

நீதிபதிக்குத் திருப்தியில்லை. "அவங்க வாயே திறக்கலையே" என்றார்.

"எங்க ஊரு பொம்பளைய அப்படித்தான் மேடம். ஆம்பளைய நிக்கிற எடத்துல சத்தமா பேச மாட்டாவ. தலையாட்டிட்டா."

"இன்னொரு தடவை கேளுங்க."

அவர் மறுபடியும் மின்விசிறியிடம் கேட்டார். அவள் மறுபடியும் சுவரிடம் குனிந்தாள். தட்டச்சு செய்பவர் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போதுதான் எனக்குத் தானாப்பூர் ஞாபகம் வந்தது. அங்கே பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண் எனக்கு உயிர்த்தோழி. ஒருநாள் அவள் கணவனின் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். நம் பக்கத்தில் கணவனின் அண்ணன் என்றால் அத்தான். கேலி பேசுவோம், வம்புக்கிழுப்போம், பந்தியில் இன்னொரு வடை வைப்போம். அந்த நினைப்பில் நான் எல்லோரையும் டீ சாப்பிடக் கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அவ்வளவுதான். அவள் அலறாத குறையாக எழுந்து ஓடி, சமையலறையில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவரோ தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். சாயங்காலம் அழுதுகொண்டே விளக்கினாள். அவர் அவளுக்கு 'பைன்சுர்'. பைன்சுருக்கு முகத்தைக் காட்டக் கூடாது. அவர் காதில் விழப் பேசக் கூடாது. அவர் இருக்கும் இடத்தில் ஒரே பாயில், ஒரே கட்டிலில்கூட உட்காரக் கூடாது. அவரும் அவளைப் பார்க்கக் கூடாது. நான் செய்தது எவ்வளவு பெரிய கூத்து என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பைன்சுர்தான் இதோ இங்கே நிற்கிறார். அவர் காதில் விழாமல் பேச வேண்டியவள், அவர் வாய் வழியாகத்தான் கோர்ட்டில் பேச வேண்டும் என்று நிறுத்தியிருக்கிறார்கள். தூக்கம் கெட்டுப் பழகிய அந்த ஒரு வாக்கியம் அவள் தொண்டையிலேயே நிற்கிறது. அடுத்த நிமிஷம் 'சம்மதம்' என்று பதிவாகிவிடும். பிள்ளை ரயிலேறிப் போய்விடும்.

நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. "அம்மா, அது சம்மதமில்ல!" என்று கத்திவிட்டேன்.

மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. டவாலி, "ஏ யம்மா, உக்காருங்க" என்று விரைந்து வந்தார். தம்பி என் சேலையைப் பிடித்து இழுத்து, "யக்கா, ஒனக்கு இங்கனயுமா?" என்று பல்லைக் கடித்தான். மார்க்கெட்டில் சத்தம் போடுவது வேறு, கோர்ட்டில் சத்தம் போடுவது வேறு.

"யாரும்மா நீங்க?" என்றார் நீதிபதி. குரலில் கோபமில்லை என்றாலும் சிரிப்பும் இல்லை.

சொன்னேன். அடுத்த வழக்குக்கு வந்தவள் என்றும், இந்தி தெரியும் என்றும், பைன்சுர் முறை என்ன என்றும் சொன்னேன். வராந்தாவில் அவள் 'நஹி தூங்கி' என்ற வாக்கியத்தைப் பற்றி என்னிடம் சொன்னதையும், அதன் அர்த்தத்தையும் சொன்னேன். சட்ட உதவி வக்கீல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "மேடம், போன வாய்தால என்கிட்டயும் இவங்க மெதுவா தூங்கி, தூங்கின்னு சொன்னாங்க. வேலை அலுப்பு போலன்னு நெனச்சு, நல்லா ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். யாரோ பின்னால் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கணவனின் வக்கீல், சம்பந்தமில்லாத ஆள் குறுக்கே பேசுவதை ஏற்கக் கூடாது என்றார். நியாயம்தான், நான் யார்? நீதிபதி அவருக்குத் தலையசைத்துவிட்டு, மேஸ்திரியைப் பார்த்து, "இந்தம்மா சொல்ற வழக்கம் உண்மையா?" என்று கேட்டார்.

மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டார். பிறகு, "உண்மதான் மேடம். எங்க ஊரு மொற அது. தம்பி பொஞ்சாதி மொகத்த நான் இதுவரைக்கும் பாத்ததில்ல" என்றார்.

"அப்போ சரின்னு நீங்க சொன்னது அவங்க சொன்னதா?"

"அவ ஒண்ணுஞ் சொல்லல மேடம். எங்க வீட்ல அவ ஒண்ணுஞ் சொல்லலன்னா சரின்னுதான் எடுத்துக்கிடுவோம்."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. தன் வீட்டில் எப்படி நடக்குமோ அப்படியே கோர்ட்டிலும் நடந்துகொண்டிருக்கிறார். நீதிபதி ஏதும் சொல்வதற்கு முன்னால் அவரே, "நான் வெளிய நிக்கேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். டவாலி கதவைச் சாத்தினார்.

சுவரைப் பார்த்து நின்ற பெண், கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முந்தானையை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டாள். அந்தக் கோர்ட்டில் அவள் முகத்தை எல்லோரும் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார்கள்.

இனி யாரை வைத்துக் கேட்பது என்று பேச்சு வந்தது. கணவனின் வக்கீல், "பிள்ளைக்குத் தமிழ் நல்லா வருதே, அதையே கூப்பிட்டுக் கேக்கலாமே" என்றார். நீதிபதி உடனே மறுத்தார். "அம்மா வேணுமா அப்பா வேணுமாங்கிற பேச்சை அந்தப் பிள்ளை வாயாலயே மொழிபெயர்க்கச் சொல்றதா? அது வேண்டாம்" என்றார். அடுத்த வாய்தாவுக்கு முறைப்படி ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சொன்னார். அன்றைக்கு மட்டும், பிள்ளையைப் பற்றிய அந்த ஒரு கேள்விக்கு மட்டும், இரண்டு வக்கீல்களும் ஒத்துக்கொண்டால் என்னை வைத்துக் கேட்பதாகச் சொன்னார். ஒத்துக்கொண்டார்கள். எனக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தார்கள்.

நீதிபதி என்னைப் பக்கத்தில் அழைத்து, "ஒண்ணும் சேர்க்காதீங்க, ஒண்ணும் குறைக்காதீங்க. அவங்க நான்னு சொன்னா நீங்களும் நான்னே சொல்லுங்க. அவங்க சொல்றாங்கன்னு சொல்லாதீங்க" என்றார்.

பார்க்க எளிதாகத் தெரிகிறது. என்னைப் போன்ற வாய்க்காரிக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. கேள்வியை இந்தியில் கேட்டேன். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, நீதிபதியை நேராகப் பார்த்து, பழகிவைத்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொன்னாள்.

"நான் கொடுக்க மாட்டேன்" என்றேன் நான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாவம்மா, இந்தப் பொண்ணு ரொம்ப..." என்று என் வாய் தானாகத் தொடர்ந்தது.

"இது அவங்க சொன்னதா, நீங்க சொன்னதா?"

"நான் சொன்னதும்மா."

"அப்போ வேண்டாம்."

அதற்குப் பிறகு வாயைக் கட்டிக்கொண்டேன். ஏன் கொடுக்க மாட்டீர்கள் என்று நீதிபதி கேட்டார். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இந்தி வராத இடத்தில் போஜ்புரி வந்தது. புரியாததை நான் மறுபடியும் கேட்டுக்கொண்டேன். அவள் சொன்னது இதுதான். நான் சொன்னதும் இதேதான்.

"என் மாமியார் கெட்டவர் இல்லை. அவர் பிள்ளையை அடிக்க மாட்டார். ஆனால் என் மகள் இந்த ஊரில் பிறந்தவள். என் பேச்சு அவள் காதுக்குப் புரியும், அவள் வாயில் வராது. அவளுக்குப் பேச வருவது இந்த ஊர்ப் பேச்சுதான். நான் கூட இல்லாமல் அவளை அங்கே கொண்டுபோய் விட்டால், பசிக்கிறது என்று சொல்வாள். யாருக்கும் புரியாது. பயமாக இருக்கிறது என்று சொல்வாள். யாருக்கும் புரியாது. இங்கே நான் எப்படி இருக்கிறேனோ, அங்கே என் மகள் அப்படி இருப்பாள். நான் பெரியவள், தாங்கிக்கொள்கிறேன். அவள் குழந்தை."

கடைசி வரியைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவள் அழவில்லை. அழுதது நான்தான். அதுவும் சேர்த்த கணக்கில் வருமோ என்னவோ, நீதிபதி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் நின்ற கணவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தக் காரணத்தை அவனும் அன்றைக்குத்தான் கேட்டிருக்க வேண்டும்.

அவள் சொன்னதைத் தட்டச்சு செய்து, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்காக அவளையும் வக்கீலையும் ஓரமாக உட்காரவைத்தார்கள். நான் என் இடத்துக்குத் திரும்பினேன். உள்ளுக்குள் ஒரு பெருமை பொங்கிக்கொண்டிருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள்.

தம்பியும் அவன் மனைவியும் முன்னால் போய் நின்றார்கள். வழக்கம்போல நானும் தம்பிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீதிபதி அவளிடம், "ஏம்மா, சேர்ந்து இருக்க உங்களுக்கு என்ன தயக்கம்? எதுவானாலும் சொல்லுங்க" என்று கேட்டார்.

அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். நான் பார்த்தேன். உதடு பிரிந்தது. பிறகு அவள் கண் ஒரே ஒரு நொடி என் பக்கம் வந்து போனது. தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணுமில்ல மேடம்" என்றாள்.

இதே "ஒண்ணுமில்ல"வை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன், திருவேங்கடத்தில் கேட்டிருக்கிறேன், கவுன்சிலிங்கில் கேட்டிருக்கிறேன். அத்தனை இடத்திலும் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவளுக்கும் எனக்கும் ஒரே தமிழ், ஒரே ஊர்ப் பேச்சு. நடுவில் மொழிபெயர்க்க ஒருவரும் தேவையில்லை. இருந்தும் அவள் சொன்னது ஒன்றுகூட என் காதுக்கு வந்து சேர்ந்ததில்லை.

நீதிபதியிடம், "நான் வெளிய நிக்கேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான், இது அந்த மேஸ்திரி சொன்ன வார்த்தை என்று உறைத்தது. தம்பி திகைத்துப்போய்ப் பார்த்தான். அவன் மனைவியும் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். நான் நடந்து வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் டவாலி கதவைச் சாத்தினார்.

வராந்தாவில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி தூணோரமாக நின்றிருந்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, கூரையிலிருந்து விழும் தண்ணீரில் கையை நீட்டி விளையாடிக்கொண்டிருந்தது. நானும் போய் நின்றேன். சாத்திய கதவுக்கு வெளியே இப்போது நாங்கள் இரண்டு பேர்.

அவர், "யக்கா, உள்ள அவ என்ன சொன்னா?" என்று கேட்டார்.

என் வாய்க்கு இதைவிடப் பெரிய சோதனை வந்ததில்லை. "அத ஒங்க தம்பிகிட்டயே கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி. நான் சொன்னா நாலு வார்த்த கூடிப்போகும்" என்றேன். அவர் லேசாகச் சிரித்தார். பிறகு, "அவ கொரலு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவருக்கு அதுவும் தெரியாது. "கணீர்னு இருக்கு" என்றேன். அதைச் சொல்வதில் தப்பில்லை என்று தோன்றியது.

உள்ளே என் தம்பி மனைவி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நெடுநேரம் பேசினாள் என்பது மட்டும் தெரியும். ஏனென்றால் நெடுநேரம் கதவு திறக்கவில்லை. வெளியே வந்த தம்பியிடம் நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இரண்டு மூன்று வாய்தாவுக்குப் பிறகு அவர்கள் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் மாடிக்கு வரவில்லை, சுரண்டையில் கடைக்குப் பக்கத்திலேயே தனியாக வீடு பார்த்துக்கொண்டார்கள். காரணம் என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. இப்போது அவளே போன் செய்து, "மைனி, ஞாயித்துக்கிழம சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் போகிறேன். போனால் அவள் ஆரம்பிக்கும் வாக்கியத்தை அவளே முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன். சில நேரம் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருந்தாலும் காத்திருக்கிறேன்.

அந்தப் பீகார்ப் பெண்ணின் வழக்கில், அடுத்த வாய்தாவிலிருந்து வேறு ஊரில் இருக்கும் ஒரு போஜ்புரிக்காரர் வீடியோ வழியாக மொழிபெயர்த்தார் என்று அந்த இளம் வக்கீல் சொன்னாள். முடிவில் பிள்ளை அம்மாவிடமே இருக்க வேண்டும், அப்பா வரும்போதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவானது. போன சீசனில் சொந்தக்காரர்களோடு குற்றாலத்துக்குப் போனபோது அந்த லாட்ஜைத் தேடிக் கண்டுபிடித்தேன். சாரலில் விரிப்புகள் காயாமல், மாடி முழுக்கக் கொடி கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை விலக்கிக்கொண்டு அவள் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இப்போது கொஞ்சம் தமிழ் பேசுகிறாள், எல்லாம் மகள் சொல்லிக்கொடுத்தது. அந்த வாயாடி, பள்ளிக்கூடப் பையோடு நடுவில் புகுந்து, "ஆச்சி, எங்கம்ம இப்பம் நல்லாத் தூங்குதா" என்றது. இந்தத் தடவை அது நம்மூர்த் தூக்கம்தான்.

ஒருத்தி வாய் திறக்காமல் நின்றால், அவளுக்குப் பேசத் தெரியவில்லை என்றோ சொல்ல ஒன்றுமில்லை என்றோ நான் இப்போது முடிவு கட்டுவதில்லை. அவள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பார்க்கிறேன். அது நானாகவே இருந்தால், எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.